சூரை ஏன் சிவப்பாக இருக்கிறது?

சென்னை திருவொற்றியூர் குப்பத்தில் 2025-ல் ஒரு மீன்பிடித் துறைமுகத்தைத் திறந்தார்கள். 200 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அதற்கு வைத்த பெயர் சூரை மீன்பிடித் துறைமுகம். ஒரு மீனின் பெயரிலேயே துறைமுகம் இருக்கிற ஊரில், அந்த மீனை வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் குறைவு என்பதுதான் வேடிக்கை. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நின்று பாருங்கள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, எறா என்று கூட்டம் அலைமோதும். சூரைக் குவியல் பக்கம் வந்ததும், “அது ரத்த மீனு, கவுச்சி அடிக்கும்” என்று நகர்ந்துவிடுவார்கள். அதே ஆட்கள் சூப்பர் மார்க்கெட்டில் ‘டூனா’ என்று எழுதிய சின்ன டப்பாவை விலை பார்க்காமல் கூடையில் போடுவதும் நடக்கிறது. இரண்டும் ஒரே கூட்டத்து மீன்தான்.

சூரையின் சிவப்பு, அதன் கவுச்சி, சீக்கிரம் கெட்டுப்போகும் குணம், டப்பாவில் அது எடுபடுவது என எல்லாமே ஒரே காரணத்தில் போய் முடிகின்றன. இந்த மீன் பிறந்தது முதல் சாகும்வரை நீந்திக்கொண்டே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எப்படி வாங்குவது, எப்படிச் சமைப்பது என்பதையும் பெரும்பாலும் நாமே ஊகித்துவிடலாம்.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். சூரை, வஞ்சிரம், கானாங்கத்தை மூன்றும் ஒரே குடும்பம். ஸ்காம்பிரிடே என்பது அதன் அறிவியல் பெயர். வஞ்சிரத்துக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு சூரையை ஒதுக்குகிறவர்கள், ஒரு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனை மட்டும் விருந்துக்கு அழைக்கிறார்கள்.

நம் பக்கம் அதிகம் கண்ணில் படுவது சாதாரண சூரை. அறிவியலில் யூதினஸ் அஃபினிஸ். முதுகில் அலை அலையாகக் கறுத்த கோடுகள் இருக்கும், மார்புத் துடுப்புக்குக் கீழே மை தெறித்த மாதிரி சில புள்ளிகள் இருக்கும். முதுகு வெறுமையாகவும் வயிற்றில் நான்கிலிருந்து ஆறு நீளக் கோடுகளும் இருந்தால் அது வரிச்சூரை. உலகத்தில் பிடிபடும் வணிகச் சூரையில் பாதிக்கு மேல் இந்த வரிச்சூரைதான். டப்பாவுக்குள் போவதும் பெரும்பாலும் இதுவே. உருண்டு திரண்டு கைக்கு அடக்கமாக இருப்பது எலிச்சூரை. மஞ்சள் துடுப்போடு ஆள் உயரம் வரைக்கும் வளர்வது கேரை. 200 கிலோ வரை எடை போடக்கூடிய மீன் அது. ஜப்பான்காரர்கள் கோடிகளில் ஏலம் எடுப்பதாகப் படிக்கிறோமே, அது ப்ளூஃபின் என்னும் வேறு இனம். 2019 ஜனவரியில் டோக்கியோ தொயோசு சந்தையில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு ப்ளூஃபின் 33 கோடி யென்னுக்கு மேல் போனது. புத்தாண்டு முதல் ஏலத்தில் விளம்பரத்துக்காகக் கொடுக்கிற விலை அது. அதை வைத்துக்கொண்டு காசிமேட்டுச் சூரைக்குக் கணக்குப் போட முடியாது.

நிற்காத மீன்

சாதாரண மீன்கள் வாயைத் திறந்து மூடி, செவுள் மூடியை அசைத்து, தண்ணீரை உள்ளே இழுத்துத் தள்ளும். மீன் தொட்டியில் பார்த்திருப்பீர்கள். சூரையால் அப்படித் தேவையான அளவுக்குத் தண்ணீரைத் தள்ள முடியாது. வாயை லேசாகத் திறந்துகொண்டு முன்னே நீந்தினால்தான் தண்ணீர் செவுள் வழியாகப் பாயும், அதிலிருந்து உயிர்வளி கிடைக்கும். நின்றால் மூச்சு நின்றுவிடும். போதாக்குறைக்கு, வரிச்சூரைக்கும் சாதாரண சூரைக்கும் காற்றுப்பையும் கிடையாது. மற்ற மீன்களை மிதக்க வைப்பது அந்தப் பைதான். ஆகையால் நீந்துவதை நிறுத்தினால் இவை மூழ்கவும் செய்யும். தூங்கும்போதும் ஓட்டம்தான்.

அதற்கேற்றபடிதான் உடம்பு அமைந்திருக்கிறது. நடுவில் பருத்து இரு முனையிலும் கூர்மையாகும் வடிவம். முதல் முதுகுத் துடுப்பு மடங்கி ஒரு பள்ளத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். விரலால் தூக்கிப் பாருங்கள், விட்டதும் மறுபடி உள்ளே போகும். வால் பிறைநிலா மாதிரி, பலகை போலக் கெட்டியாக இருக்கும். வாலுக்கு முன்னால் மேலும் கீழும் வரிசையாகக் குட்டித் துடுப்புகள். செதில்கூட உடம்பு முழுக்கக் கிடையாது. சாதாரண சூரைக்குத் தலைக்குப் பின்னால் சட்டை போட்ட மாதிரி ஒரு பகுதியிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் மட்டும்தான் செதில், மற்ற இடமெல்லாம் வழுவழு. மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். 1964-ல் கேரையை வைத்து எடுத்த ஓர் அளவீடு அது. சில நொடிப் பாய்ச்சலுக்குத்தான் பொருந்தும், அதுவும் மிகைதான் என்று பிற்கால ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். வழக்கமாக அது நிதானமாகத்தான் நீந்துகிறது. வேகத்தைவிட எனக்கு வியப்பு அதன் ஓயாமைதான்.

ஓயாமல் உழைக்கிற தசைக்கு ஓயாமல் உயிர்வளி வேண்டும். அதைத் தசைக்குள் பிடித்து வைக்கும் புரதம் மயோகுளோபின். சிவப்பு நிறம் அதனுடையது. ஆட்டுக்கறி சிவப்பாக இருப்பதும் இதனால்தான். வவ்வாலும் சங்கராவும் அவ்வப்போது துள்ளி, மற்ற நேரம் சும்மா இருக்கிற மீன்கள். அவற்றின் தசையில் மயோகுளோபின் குறைவு, அதனால் வெள்ளைக்கறி. ஆக, “ரத்த மீனு” என்பது பாதி சரி. அந்தச் சிவப்பில் பெரும்பங்கு ரத்தம் அல்ல, தசையின் சொந்த நிறம். எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் முழுக்க வெளுக்காது. வெளுக்கும்வரை கழுவுகிறவர்கள் சுவையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள்.

வெட்டிய துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நடுவில் முள், சுற்றிலும் நான்கு பாகமாகச் சிவந்த சதை. முள்ளிலிருந்து இரண்டு பக்கமும் தோலை நோக்கிப் போகிற கறுத்த சிவப்புப் பட்டை ஒன்று உண்டு. கிட்டத்தட்ட ஈரல் நிறம். விடாமல் நீந்த வைக்கிற தசை அதுதான். மற்ற மீன்களில் இந்தப் பட்டை தோலுக்கு அடியில் மெலிதாக ஓடும். சூரையில் உள்ளே முள்ளை ஒட்டிப் புதைந்திருக்கிறது. அதற்கும் காரணம் உண்டு.

உழைக்கும் தசை சூடாகும். அந்தச் சூட்டை ரத்தம் செவுளுக்குக் கொண்டுபோகும், செவுளில் குளிர்ந்த கடல்தண்ணீர் பட்டதும் சூடு போய்விடும். அதனால்தான் ஏறக்குறைய எல்லா மீன்களுமே கடலின் குளிரிலேயே இருக்கின்றன. சூரை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கறுத்த தசைக்குப் போகும் குளிர்ந்த ரத்தக் குழாய்களும் அங்கிருந்து திரும்பும் சூடான ரத்தக் குழாய்களும் நூல் நூலாகப் பிரிந்து ஒன்றோடொன்று ஒட்டி, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. வண்ணாரப்பேட்டைச் சந்துக்குள் எதிரெதிரே உரசிக்கொண்டு போகிறவர்களில், வெளியே போகிறவர் தன் கைச்சுமையை உள்ளே வருகிறவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போவது போல, வெளியேறும் ரத்தம் தன் சூட்டை உள்ளே வரும் ரத்தத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. சூடு உடம்பை விட்டுப் போவதில்லை. வரிச்சூரையும் கேரையும் இப்படிக் கடலைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். குளிர்கடலில் திரியும் ப்ளூஃபின் சுற்றியிருக்கும் தண்ணீரைவிட 20 டிகிரி செல்சியஸ் வரைகூட அதிகம் வைத்திருக்கும். சூடான தசைக்கு வலு அதிகம். குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிக் கணவாயையும் சின்ன மீன்களையும் துரத்திப் பிடிக்க இது உதவுகிறது.

இவ்வளவு உழைப்பவனுக்குச் சோறும் அதிகம் வேண்டும். சூரையைப் பண்ணையில் வளர்ப்பது கடினமாக இருப்பதற்கு அது ஒரு காரணம். ஜப்பானின் கிண்டாய் பல்கலைக்கழகம் 2002-ல் ப்ளூஃபினை முட்டையிலிருந்து வளர்த்து, அதன் குஞ்சுகளையும் வளர்ப்பிலேயே பெறுகிற வித்தையைச் சாதித்தது. ஆனாலும் ஒரு கிலோ ப்ளூஃபின் எடை கூடப் பத்து கிலோவுக்கும் மேல் சின்ன மீன் தீனியாகப் போகிறது. எறா மாதிரிப் பண்ணையில் போட்டு எடுக்கிற சரக்கு இல்லை இது. நம் தட்டுக்கு வருகிற சூரை காட்டுப்பன்றி, காட்டுக்கோழி என்கிறோமே, அந்தப் பொருளில் காட்டு மீன்தான்.

ஐஸ்தான் எல்லாம்

இனி சமையலறைக்குப் போகிற வழியில் இருக்கிற பெரிய சிக்கலைப் பார்ப்போம். இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

திடீர்ப் பாய்ச்சலில் தசைக்குள் அமிலம் சேரும். அதைத் தாங்கிக்கொள்ளச் சூரையின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏராளமாக இருக்கிறது. மீன் உயிரோடு இருக்கும்வரை அது நல்ல சரக்கு. மீன் செத்து வெயிலில் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். நமக்கு ஒவ்வாமை வரும்போது உடம்புக்குள் சுரக்கிறதே, அதே பொருள். அது கூடுதலாக உள்ள மீனைச் சாப்பிட்டால் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். “எனக்குச் சூரை ஒத்துக்காது” என்று சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது மீன் ஒவ்வாமையே அல்ல, கெட்ட மீன் செய்த வேலை. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சரியாகிவிடும், ஆனால் மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இதில் மோசமான விஷயம், ஹிஸ்டமின் உருவாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது. வறுத்தாலும் போகாது. ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. புளி, மிளகாய், மஞ்சள் எதுவும் எடுபடாது. நாற்றம் வருவதற்கு முன்பே அளவு கூடியிருக்கலாம் என்பதால் மூக்கையும் முழுக்க நம்ப முடியாது. தடுக்கும் வழி ஒன்றுதான்: பிடித்த நேரத்திலிருந்து அடுப்பு வரை குளிர்ச்சி அறுபடாமல் இருப்பது. 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தப் பாக்டீரியாக்களின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது.

எந்த வலையில் பிடித்தார்கள் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. செவுள் வலையில் மாட்டிய சூரை நீந்த முடியாமல், அதனால் மூச்சுவிட முடியாமல், வலையிலேயே செத்துப்போகும். வங்கக் கடலின் மேல்தண்ணீர் 28, 29 டிகிரி. வலையை இழுக்கும்வரை அந்த வெதுவெதுப்பில் அது கிடக்கும். திமிறித் திமிறிச் செத்த மீனின் உடம்பு சூடேறி, அமிலம் கூடி, சதை வெளிறிப் பொலபொலவென்று ஆகிவிடும். தூண்டிலில் வந்த மீனை உடனே கொன்று, ரத்தம் வடித்து, செவுளையும் குடலையும் எடுத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்பினால் அது வேறு மீன். உள்ளே சூடாக இருக்கும் பெரிய கேரை நடு முள் வரைக்கும் குளிரப் பல மணி நேரம் ஆகும், மேலே தூவுகிற ஐஸ் அதற்குக் காணாது. கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்பது நம் மாதிரி வெப்ப ஊர்களுக்குச் சொல்லப்படும் கணக்கு. ஒரு வாரம், பத்து நாள் தங்கல் போடும் விசைப்படகில் ஐஸ் செலவை மிச்சம் பிடித்தால் யாருக்கு நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. சூரைக்கென்றே தனித் துறைமுகம், ஐஸ் வசதி, ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான தூண்டில்கள் கட்டி வீசுகிற ஆயிரங்கால் தூண்டில் படகுகள் என்று அரசு பேசுவதன் பின்னணி இந்தக் குளிர்ச்சிதான். தூண்டிலோடு நடுக்கடல் வரைக்கும் போய்வருகிற கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்களுக்கு இதெல்லாம் பழைய பாடம். லட்சத்தீவில் இன்னும் நுணுக்கமாகச் செய்கிறார்கள். உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் வீசி வரிச்சூரைக் கூட்டத்தைப் படகருகே இழுத்து, கழியும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். ஐஸ் இல்லாத காலத்தில் அங்கே கண்ட வழி, மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் கல்லு மாதிரி காயவைப்பது. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடு அந்த வகைதான்.

அப்படியானால் சந்தையில் எப்படிப் பார்ப்பது? கண் தெளிவு, செவுள் சிவப்பு என்பதெல்லாம் எல்லா மீனுக்கும் உள்ளவை. சூரைக்கு நான் முதலில் பார்ப்பது குளிர்ச்சியை. வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று உறைக்க வேண்டும். வெறும் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தால் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். அடுத்து வயிற்றை அமுக்கினால் கெட்டியாக எதிர்க்க வேண்டும், குடல் பக்கம் சீக்கிரம் குழையும். துண்டு போட்டு வைத்த மீனாக இருந்தால் சதையில் வானவில் மாதிரி மினுக்கம் தெரிவதில் பயமில்லை, பழுப்பேறி ஓரம் காய்ந்திருந்தால் பழசு. வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்றால் துப்பிவிடுங்கள், மிச்சத்தையும் கொட்டிவிடுங்கள்.

வெட்டுகிற அக்காவிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

“அக்கா, அந்தக் கறுப்புக் கறிய தனியா எட்த்துருங்க.”

“அத்த எட்த்தா எட கொறஞ்சிபூடும் தம்பி. அப்பறம் அக்கா ஏமாத்திட்டான்னு சொல்லுவ.”

“பரவால்லக்கா, பூனைக்குப் போடுங்க.”

உண்மையில் கறுத்த தசையில் இரும்புச்சத்து அதிகம், தூக்கிப்போட வேண்டிய பொருள் அல்ல. ஆனால் கவுச்சியின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது, முதலில் கெடுவதும் அதுதான். புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் எடுத்துவிட்டே தொடங்கலாம். டப்பா ஆலைகளிலும் அதைத்தான் செய்கிறார்கள். வெளிநாடுகளில் அது பெரும்பாலும் பூனைத் தீனிக்குத்தான் போகிறது.

அடுப்பில்

சூரைக்கறியில் 100 கிராமுக்கு 22 முதல் 24 கிராம் புரதம், கொழுப்பு ஒரு கிராம் அளவுக்குத்தான். பி12-ம் செலினியமும் தாராளம். ஒமேகா-3-க்காகச் சூரை சாப்பிடுகிறேன் என்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: அதற்கு மத்தியும் கானாங்கத்தையும் இதைவிடக் கெட்டி, விலையும் குறைவு.

கொழுப்பு இல்லாத கறி வெந்ததும் இறுகும். வஞ்சிரத்தை வறுக்கிற மாதிரி தோசைக்கல்லில் கிடத்தி மொறுமொறுவென்று ஆகும்வரை விட்டால் மரத்தூளைத் தின்கிற மாதிரிதான் இருக்கும், பழி மீன்மேல் விழும். வறுவல் என்றால் துண்டு மெல்லிசாக இருக்கட்டும், கல் நன்றாகக் காயட்டும், ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். குழம்பு என்றால் புளியும் மாங்காயும் கொதித்து, எண்ணெய் பிரிந்த பிறகு கடைசியில் மீனைப் போட்டு, ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். மிச்சக் குழம்பை மறுநாளைக்கு வைக்கிறவர்கள் ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். அடுப்படியில் இரவெல்லாம் விடுகிற பழக்கம் இந்த மீனுக்கு ஆகாது.

என்னைக் கேட்டால் சூரைக்கு ஏற்றது புட்டுதான். மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் துண்டுகளை வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். சுறாப்புட்டு செய்யத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. பூண்டு மட்டும் கை கொள்ளும் அளவுக்கு, சின்ன வெங்காயம் அதைவிடக் கூடுதலாக. சதையை எப்படியும் உதிர்த்துவிடுவதால், இறுகிவிடுமே என்ற கவலை இங்கே இல்லை.

டப்பா மீனும் இந்த வேகவைத்து உதிர்க்கிற வேலைதான், ஆலை அளவில். மீனை முதலில் ஆவியில் வேகவைத்து, கறுத்த தசையை நீக்கி, எண்ணெயோ உப்புத் தண்ணீரோ சேர்த்து அடைத்து, 115 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் சூடாக்குவார்கள். அமெரிக்காவில் இந்தத் தொழில் தொடங்கியது 1903-ல், கலிஃபோர்னியாவில். சூட்டில் கிருமிகள் சாகும், அதனால் வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் மேலே சொன்ன ஹிஸ்டமின் அந்தச் சூட்டுக்கும் அசையாது. டப்பாவுக்குள் போவதற்கு முன் மீன் நன்றாக இருந்திருக்க வேண்டும். சாண்ட்விச், சாலட் என்றில்லாமல் டப்பா மீனிலேயே புட்டு கிளறலாம், உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கள்.

எல்லோரும் கேட்கிற பாதரசம் பற்றி: நிலக்கரி எரிப்பது உள்பட மனிதர் செய்யும் வேலைகளாலும் எரிமலைகளாலும் காற்றில் கலக்கும் பாதரசம் கடலில் இறங்கி மெத்தில் பாதரசமாகிறது. சின்ன மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகிறது. பெரிதாகவும் நீண்ட நாள் வாழ்ந்ததாகவும் உள்ள மீனில் அதிகம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்த மாதிரிகளில் சராசரியாகக் கிலோவுக்கு வரிச்சூரையில் 0.14 மில்லிகிராம், கேரையில் 0.35, பெருங்கண் சூரை என்னும் இன்னொரு பெரிய இனத்தில் 0.69. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பெருங்கண்ணைத் தவிர்த்து, கேரையை வாரம் ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டு, சின்னச் சூரை வகைகளைச் சாப்பிடலாம்.

கடலுக்கும் சின்னதே தோது. வரிச்சூரை ஒன்றரை வயதுக்குள்ளேயே முட்டையிடத் தொடங்கி, லட்சக்கணக்கில் இடும். எவ்வளவு பிடித்தாலும் ஓரளவு தாங்கி எழுந்துவிடுகிறது. பெரிய இனங்கள் அப்படி இல்லை. சூரைக்கு எல்லைக்கோடு தெரியாது, இன்று நம் கடலில் இருப்பது பிறகு மாலத்தீவுப் பக்கம் இருக்கும். அதனால் சேஷெல்ஸில் தலைமையகம் வைத்து, இந்தியாவும் உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் எல்லோருக்குமாகக் கணக்குப் பார்க்கிறது. கேரையை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டோம் என்று 2015-ல் அது எச்சரித்தது, மறு ஆண்டே பிடிப்பைக் குறைக்கத் தீர்மானம் வந்தது. 2024 மதிப்பீட்டில் அந்த நிலை மாறி, கேரை ஆபத்துக் கோட்டுக்கு வெளியே வந்திருக்கிறது. பெருங்கண் சூரை 2022 மதிப்பீட்டில் தேறவில்லை.

கடைசியாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஃபைபர் படகுகள் மட்டும் போய் வரும். அந்த மாதங்களில் சூரை மலிவாகக் குவிந்திருந்தால், “எந்தூரு மீனு?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஃபைபரில் காலையில் வந்தது என்றால் வாங்கலாம். மேற்குக் கரையிலிருந்து லாரியில் வந்தது என்றால், பெட்டிக்குள் ஐஸ் மிச்சம் இருக்கிறதா, வெறும் தண்ணீர் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.